நான்கு சின்னச் சக்கரங்கள்

கார் சொந்தக்காரர்களின் சங்கம் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன வந்து நிற்கிறது, சொல்லுங்கள்? வாசலில் கப்பல் கப்பலாக வண்டிகள், உள்ளே சுருட்டுப் புகைக்கும் கனவான்கள், பச்சைத் துணி விரித்த மேஜையில் சீட்டாட்டம். இப்படித்தானே? இத்தாலி தேசத்தில் ஒரு கார் சங்கம் இருக்கிறது. அதன் அங்கத்தினர்கள் கொண்டாடும் காரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். தலை முதல் வால் வரை அளந்தால் மூன்று மீட்டர் தேறாது. முதலில் வந்த வண்டியில் எஞ்சின் 479 சி.சி. நம் தெருவில் தடதடவென்று போகிறதே புல்லட் மோட்டார் சைக்கிள், அதன் 500 சி.சி. எஞ்சினைவிடச் சின்னது. அதற்குள் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், பெட்டி படுக்கை!

பியட் 500 என்பது காரின் பெயர். இத்தாலியர் வாயில் அது 'சிங்குவெச்செந்தோ'. ஐந்நூறு என்று அர்த்தம். சங்கத்தின் பெயர் பியட் 500 கிளப் இத்தாலியா. 1984-ஆம் வருஷத்தில், லிகூரியா மாகாணத்தில் கார்லெண்டா என்ற சின்னக் கிராமத்தில், ஒரு சில அபிமானிகள் கூடி ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அங்கத்தினர் தொகை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ரோமாபுரியில் இல்லை, மிலானில் இல்லை, காரைப் பெற்றெடுத்த டூரின் நகரத்திலும் இல்லை. தலைமைக் காரியாலயம் இன்றும் அந்தக் கிராமத்தில்தான்.

காரின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம். இத்தாலியில் சாமானியக் குடும்பங்கள் சைக்கிளிலிருந்து ஸ்கூட்டருக்கு ஏறியிருந்த காலம். மழை பெய்தால் ஸ்கூட்டரில் போகிற குடும்பம் என்ன பாடு படும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களை ஒரு கூரைக்குக் கீழே உட்கார வைக்க வேண்டும் என்று பியட் கம்பெனியார் நினைத்தார்கள். அவர்களுடைய பிரதம எஞ்சினீயர் தாந்தே ஜகோசா. அவர் 1936-லேயே 'டோப்போலீனோ', அதாவது சுண்டெலி, என்று பெயர் பெற்ற ஒரு குட்டிக் காரை உருவாக்கியவர். (மிக்கி மவுஸுக்கும் இத்தாலியில் அதே பெயர்தான்!) 1957 ஜூலை 4-ஆம் தேதி டூரினில் புதுக் காரை ஊர்வலமாக ஓட்டிக் காட்டினார்கள். விலை 4,90,000 லிரா. ஒரு தொழிலாளிக்கு ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம்.

ஊர்வலம் பிரமாதம். விற்பனைதான் படுத்துவிட்டது! காரணத்தைக் கேளுங்கள். சிக்கனம் சிக்கனம் என்று கம்பெனியார் எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டார்கள். கதவுக் கண்ணாடியை இறக்க முடியாது. பின்னால் மெத்தை கிடையாது. வெறும் பலகை மாதிரி ஒரு மேடை. ஏழைக்கு இது போதும் என்று பெரிய மனிதர்கள் தீர்மானித்தால், ஏழை அதை வாங்குவதில்லை. குடும்பத் தலைவி ஒருத்தியைக் கூப்பிட்டு முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். சில மாதத்துக்குள் கண்ணாடி இறங்கிற்று, பின்னால் ஆசனம் வந்தது, விலையும் கொஞ்சம் குறைந்தது. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொரு விசித்திரம், கதவு. மற்றக் கார்களில் கதவின் கீல் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம். அலமாரிக் கதவு மாதிரி முன்னாலிருந்து திறக்கும். உட்கார்ந்து எழுந்திருக்க சௌகரியம், வாஸ்தவந்தான். ஆனால் ஓடுகிறபோது தாழ் நழுவினால் காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு திறந்துவிடும். 1965-ல்தான் கீலை முன்பக்கம் மாற்றினார்கள். கூரையில் பாதி தகரம், பாதி கான்வாஸ் துணி. வெயில் காலத்தில் சுருட்டிவிட்டால் ஆகாயம் தெரியும். எஞ்சின் பின்னால். அதைக் குளிரச் செய்வது காற்றேதான். ரேடியேட்டரே கிடையாது; ஆகையால் மலையேற்றத்தில் தண்ணீர் கொதித்து வண்டி நிற்கிற பேச்சுக்கே இடமில்லை. முன்பக்க மூடியைத் திறந்தால் பெட்ரோல் டாங்கி, உபரிச் சக்கரம், மிச்ச இடத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஆகஸ்ட் விடுமுறையில் கடற்கரைக்குப் போகிற குடும்பம் மற்ற மூட்டைகளைக் கூரை மேல் கட்டிக்கொள்ளும். மணிக்கு 85 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், அதுவும் சமதரையில்.

இப்படியாக 1957-லிருந்து 1975 வரை ஏறக்குறைய 39 லட்சம் கார்கள் வெளிவந்தன. கடைசிக் கார் 1975 ஆகஸ்ட் மாதத்தில், சிசிலித் தீவின் டெர்மினி இமெரேசே தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது.

நம் சங்கத்தின் கதை இங்கேதான் ஆரம்பம். 1975-ல் நின்றுபோன காருக்கு 1984-ல் சங்கம் என்றால், நடுவில் ஒன்பதே வருஷம். அப்போது அது புராதன வண்டி அல்ல. பழைய வண்டி, அவ்வளவுதான். ஒரு சாமானுக்கு எந்தப் பருவத்தில் ஆபத்து அதிகம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? புதுசாக இருக்கும்போது துடைத்துத் துடைத்து வைக்கிறோம். நூறு வருஷம் ஆகிவிட்டால் கண்ணாடி அலமாரியில் ஏற்றிவிடுகிறோம். இடையிலே இருபது முப்பது வருஷம், 'இடத்தை அடைக்கிறதே!' என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிற காலம் ஒன்று இருக்கிறது. வெண்கலப் பானையும் கால் மிதி தையல் மெஷினும் நம் வீடுகளிலிருந்து எடைக்குப் போனது அந்தக் காலத்தில்தான். லட்சக்கணக்கில் இருந்த சிங்குவெச்செந்தோவும் அப்படித்தான் துருப்பிடித்து, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கோழி அடைகிற இடமாகி, கடைசியில் நசுக்கும் யந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு 1997-ல், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்கினால் பணம் தருகிறோம் என்று சர்க்காரே அழைத்தது. கார்லெண்டாக்காரர்கள் அதற்கு முன்பே விழித்துக்கொண்டு, இது குப்பை அல்ல என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். விலை ஏறிய பிறகு அபிமானம் கொள்வதற்கு யாராலும் முடியும்.

சரி, சங்கத்தார் என்னதான் செய்கிறார்கள்? முக்கியமாக, ஓட்டுகிறார்கள். ஊருக்கு ஊர் ஒரு பொறுப்பாளர் உண்டு. 'ஃபிதுச்சியாரியோ' என்று பட்டம். நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூப்பிடுகிற இடத்தில், பெரும்பாலும் ஊர்ச் சதுக்கத்தில், மாதா கோயிலுக்கு எதிரே, வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். காப்பி, இனிப்பு ரொட்டி, பெயர்ப் பதிவு, பக்கத்து வண்டியின் எஞ்சினை எட்டிப் பார்த்துக் குறை சொல்லுதல். பிறகு மலைப் பாதைகளிலும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலும் நிதானமாக ஒரு சுற்று. இரண்டே சிலிண்டர் எஞ்சின் ஆகையால் பட்பட்டென்று பொரி பொரிகிற சப்தம். ஜன்னல் ஜன்னலாகக் கிழவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மத்தியானம் நீண்ட சாப்பாடு. (இத்தாலியில் சாப்பாடு நீளாத காரியம் ஒன்று உண்டா?) மிகத் தொலைவிலிருந்து வந்தவருக்கு ஒரு பரிசு, மிகப் பழைய வண்டிக்கு ஒரு பரிசு. யூனிசெப் குழந்தைகள் நிதிக்கு வசூல் செய்வதும் சங்கத்தின் வேலைகளில் ஒன்று.

வருஷத்துக்கு ஒரு முறை, ஜூலை மாதத்தில், கார்லெண்டாவில் சர்வதேசக் கூட்டம். எல்லை தாண்டி அயல் தேசத்துக் கார்களும் வரும். மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் ஜெர்மனியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வருவதென்றால் எத்தனை பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்! அங்கத்தினர்களுக்கு என்று ஒரு பத்திரிகையும் நடத்துகிறார்கள். பெயர் 'நான்கு சின்னச் சக்கரங்கள்'. இந்த வாரக் கட்டுரைத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்திருக்குமே?

சங்கம் காப்பாற்றி வருகிற இன்னொன்று, கைப் பழக்கம். இந்தக் காரை ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருப்பினால் போதாது. இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே தரையில் இருக்கிற ஒரு சின்ன நெம்புகோலை இழுக்க வேண்டும். கியர் மாற்றுவது அதைவிட வித்தை. மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு வரும்போது, கிளச்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச்சை மிதித்து, அப்புறம் கியரைப் போட வேண்டும். ஒரு தாளம் தவறினால் பல்லைக் கடிக்கிற சப்தம் கேட்கும். 'தொப்பியெத்தா' என்று இதற்குப் பெயர். புத்தகத்தைப் படித்து இது வராது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, பேத்தி நாலு தரம் பல்லைக் கடிக்க வைத்து, ஐந்தாவது தரம்தான் வரும்.

இங்கேதான் அங்கத்தினர்களுக்குள் ஓயாத ஒரு வழக்கு. பியட் 500-க்குத் தம்பி பியட் 126. அதன் கியர் பெட்டியில் இந்த வித்தை வேண்டாம், சுலபமாக விழும். எஞ்சினும் பெரிசு. இரண்டையும் பிடுங்கி அண்ணன் வண்டியில் பொருத்திவிடலாம். பலர் பொருத்தியும் இருக்கிறார்கள். 'பார்ப்பதற்கு அதே கார்தானே, ஓட்டச் சுகமாக இருந்தால் என்ன?' என்பது ஒரு கட்சி. 'அப்படியானால் அது சிங்குவெச்செந்தோவே அல்ல' என்பது எதிர்க் கட்சி. தினமும் காய்கறி வாங்கப் போகிற அம்மாள் ஒருத்தி கியரை மாற்றிக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். அவள் ஓட்டுகிறாள், வண்டி உயிரோடு இருக்கிறது. ஆனால் முகப்பு விளக்குகளுக்குக் கண்ணிமை ஒட்டி, உடம்பெல்லாம் ரோஜா வர்ணம் பூசுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காக என்னால் வாதாட முடியாது.

இதைவிடப் பெரிய வழக்கு ஊருக்கும் காருக்கும் நடுவே இருக்கிறது. இந்த எஞ்சின் பிறந்த காலத்தில் புகையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. இன்று இத்தாலிய நகரங்கள் பழைய வண்டிகளை உள்ளே விட மறுக்கின்றன. மிலான் நகரம் 2019 பிப்ரவரியில் பெரும் பகுதியைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, அதிகப் புகை விடும் வண்டிகளைப் படிப்படியாகத் தடுத்து வருகிறது. சரித்திர மதிப்புள்ள வண்டி என்று சான்றிதழ் வைத்திருந்தால் சில சலுகைகள் உண்டு. முப்பது வயது கடந்த வண்டிகளுக்கு வழக்கமான கார் வரி இல்லை. இருமுகிற குழந்தையை வைத்திருக்கிற தாய்க்கு இந்தச் சலுகை பிடிக்காது; பிடிக்க வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிராமத்தைச் சுற்றி வருகிற நாற்பது கிலோமீட்டர் வேறு, தினந்தோறும் நகர நெரிசலில் நின்று புகைவது வேறு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வண்டியைச் சாலையிலிருந்தே நீக்கிவிட்டால், மிஞ்சுவது பொம்மை. கார்லெண்டாவில் ஜகோசாவின் பெயரால் ஒரு காட்சிசாலை இருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலையும் 2017-ல் இந்தக் காரைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது. பெருமைதான். ஆனால் அங்கே யாரும் நெம்புகோலை இழுக்கப் போவதில்லை.

ஜகோசாவை நமக்கும் தெரியும், பெயர் தெரியாமலே. 1953-ல் வந்த பியட் 1100 அவர் மேற்பார்வையில் உருவானதுதான். அதன் வழி வந்த காரை பம்பாயில் பிரீமியர் கம்பெனியார் செய்தார்கள். 1970-களில் அதற்குப் 'பத்மினி' என்று நாமகரணம் நடந்தது. டாக்டர் வீட்டு வாசலிலும், கல்யாண ஊர்வலத்திலும், ரயில்வே ஸ்டேஷன் வெளியிலும் நின்ற அதே 'பியட் கார்'. பம்பாயில் டாக்ஸியாக ஓடிய கடைசிப் பத்மினி 2023 அக்டோபரில் சட்டப்படி ஓய்வு பெற்றது. இருபது வருஷந்தான் டாக்ஸிக்கு ஆயுள் என்பது விதி.

கார்லெண்டாக்காரர்கள் விழித்துக்கொண்ட அதே பருவத்தில் நம் பத்மினி இப்போது இருக்கிறது. உங்கள் வீட்டிலோ, மாமனார் வீட்டிலோ, ஊரிலுள்ள பெரியப்பா வீட்டு ஷெட்டிலோ ஒன்று தார்ப்பாயின் கீழே தூங்கிக்கொண்டிருந்தால், எடைக்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்த வருஷத்து வண்டி, யார் வாங்கியது, வீட்டுப் பெண்களில் யாராவது ஓட்டினார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படம் இருந்தால் பிரசுரிக்கிறோம்.