வசூல் முடிந்த பிறகு

பிழைப்பை நாடி வெளியூரில் வந்து குடியேறியிருக்கும் நம்மவர், ஒரு குடும்பத்துக்குத் துன்பம் என்றால் ஓடோடி வருவதில் குறை வைப்பதில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ, மாடியிலிருந்து தவறியோ ஒரு வாலிபனுக்கு முதுகுத் தண்டுவடம் அடிபட்டுவிட்டதெனக் கேள்வியுற்றால், அன்று மாலையே வசூல் தொடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலுக்குக் காப்பிப் பிளாஸ்கும் சாப்பாட்டு அடுக்கும் தவறாமல் வந்து சேருகின்றன. இது நமக்குப் பெருமையே. ஆயின், தண்டுவடக் காயம் ஒரு மாதத்தில் தீரும் துன்பமன்று. நமது உதவியோ பெரும்பாலும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. இதனை அன்பர்கள் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

மூளைக்கும் உடம்புக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் நரம்புக் கற்றையே தண்டுவடம். அது நடுமுதுகில் பழுதுற்றால் கால்கள் செயலிழக்கும். கழுத்தில் பழுதுற்றால் கைகளும் உடன் செயலிழக்கும். சிறுநீரும் மலமும் கட்டுக்குள் நில்லாமற் போவதுண்டு. உணர்வற்ற தோலுக்கு அழுத்தம் தெரியாதாகையால், தானே புரள இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்; தவறினால் படுக்கைப் புண் உண்டாகி, அதுவே உயிருக்கு ஆபத்தாகவும் கூடும். நாளொன்றுக்கு 12 முறை. அவற்றுள் நான்கைந்து முறை நள்ளிரவில்.

சொந்த ஊராயின் அத்தையும் சித்தியும் ஒன்றுவிட்ட அண்ணனும் முறை வைத்துக்கொண்டு இதைச் செய்வார்கள். இங்கோ ஒரு தாய், ஒரு தந்தை. தந்தை வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. தாயோ சில மாதங்களில் தாமே நோயாளியாகிவிடுவார். நாம் உற்றாராக நிற்க வேண்டிய இடம் இதுவே. அக்கம்பக்கத்து நான்கு வீடுகள் சேர்ந்து, திருப்பவும் தூக்கவும் தக்க முறையை ஆஸ்பத்திரித் தாதியிடம் கற்றுக்கொண்டு, வாரத்தில் இரண்டு இரவுகளை ஏற்றுக்கொண்டால் போதும். அந்தத் தாய் அவ்விரு இரவுகளாவது உறங்குவார்.

அடுத்தது வழி. சக்கர நாற்காலி வந்துவிட்டாலும் வாசலில் மூன்று படிகள் இருந்தால் அவன் கைதியே. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைக்க வேண்டும். அதற்குக் குடியிருப்புச் சங்கத்தாரின் சம்மதம் தேவை. துயருற்ற தந்தை தனியே போய்க் கேட்பதைவிடப் பத்துப் பேராக நாம் உடன் சென்று கேட்பது பயன் தரும்.

மூன்றாவது காகிதம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனமெனச் சான்று பெற்றவர்களுக்கு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 சதவீத இடங்களும், அரசு வேலைகளில் குறைந்தது 4 சதவீத இடங்களும் உண்டு. அச்சான்று நாடெங்கும் செல்லும்; அதற்கென ஊருக்குத் திரும்ப வேண்டுவதில்லை. இவ்வூர் மொழியும் அலுவலக நடைமுறையும் அறிந்த அன்பர் ஒருவர் உடன் சென்றால் அலைச்சல் பாதியாகும்.

இவ்வளவும் செய்து என்ன ஆகும் என்று எண்ணுவோர் இருவரை நினைத்துப் பார்க்கட்டும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமே என்று டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்ட, தொழுநோயாளிகளின் கைகளைச் சக்கர நாற்காலியிலிருந்தே சீராக்கினார்; பின்னர் அங்கு மறுவாழ்வுத் துறைக்கே தலைவரானார். பொறியியல் மாணவராயிருக்கையில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஆய்க்குடி திரு. எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை செய்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இருவர்க்கும் மனவலிமை இருந்தது. அவ்வலிமைக்கு இடங்கொடுத்த மனிதரும் இருந்தனர்.

இன்னுமொன்று. பார்க்கச் செல்வோர், பையன் எதிரிலிருக்கவே தாயாரிடம், “எப்படி இருக்கிறான்?” என்று கேட்பதையும் “பாவம்” என்று பெருமூச்சு விடுவதையும் தவிர்க்க வேண்டும். அவனிடமே பேசலாம், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசலாம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர இயலுமா என்று கேட்கலாம். கேட்கப்படுவதும் ஒரு மருந்து.

வரும் பொங்கல் விழாவுக்கு அவன் வருவதானால் எந்த வாசல் வழியாக வருவான், மேடைக்கு எப்படி ஏறுவான் என்பதை, விழாவுக்குப் பந்தல் பேசும் முன்பே ஒவ்வொரு பகுதிச் சங்கத்தாரும் கூடி முடிவு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.