நாய், பூனை உணவுப் பைகளில் உள்ளதை உள்ளபடி அச்சிடச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
1. மாவட்ட ஆட்சித் தலைவர், சென்னை மாவட்டம்.
2. அரசுச் செயலாளர், கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை, தலைமைச் செயலகம்.
3. அரசுச் செயலாளர், கால்நடை பராமரிப்பு, பால்வளம், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, தலைமைச் செயலகம்.
4. சட்டமுறை எடையளவுக் கட்டுப்பாட்டு அலுவலர், சென்னை.

நகல்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புதுடெல்லி; இந்திய தர நிர்ணய அமைவனம், தரமணி, சென்னை.

பொருள்: நாய், பூனை உணவுப் பொட்டலங்களில் சேர்மானங்களை முழுமையாகவும் உண்மையாகவும் அச்சிடச் செய்தல், மாதிரிகளைச் சோதித்தல், பொய் விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுத்தல் – தொடர்பாக.

பார்வை: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவுகள் 2(9), 16, 17, 21, பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011, இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம் 2016, பிரிவு 16, ஐ.எஸ். 11968 : 2019.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு பூனையோடு வாடகை வீட்டில் இருப்பவர்கள் உண்டு. சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களைத் தலைமுறைகளாக வளர்த்துவரும் குடும்பங்களும் உண்டு. தெருநாய்களுக்குக் கைக்காசில் அன்றாடம் சோறு வைப்பவர்களும் உண்டு. தயிர்சாதத்தையும் கறிக்கடை எலும்பையும் விட்டு எங்களில் பலர் பாக்கெட் தீனிக்கு மாறிவிட்டோம். மாறியது சரியா என்பது இந்த மனுவின் விஷயம் அல்ல. காசு கொடுத்து வாங்கும் பையில் என்ன இருக்கிறது என்பதை அந்தப் பை உண்மையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்பதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இன்று இதற்கென்றே ஓர் அலுவலகம் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, மனிதர் உண்பதை மட்டுமே உணவு என்று வரையறுத்து, விலங்குத் தீவனத்தை வெளியே நிறுத்திவிட்டது. குழந்தை தின்னும் பிஸ்கட்டுக்கு உள்ள சேர்மானப் பட்டியல் விதி, அதே கடையில் பக்கத்து அலமாரியில் இருக்கும் நாய் பிஸ்கட்டுக்குப் பொருந்தாது. கால்நடைத் துறையின் கவனம் இயல்பாகவே பாலும் முட்டையும் இறைச்சியும் தரும் பிராணிகளின் தீவனத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றுத்தான் வர வேண்டும்; ஆனால் அது நோய் உள்ளே வராமல் தடுக்கும் ஏற்பாடு, பையில் எழுதியிருப்பது மெய்யா என்று பார்க்கும் ஏற்பாடு அல்ல. பொட்டலப் பொருட்கள் விதிகள் தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், புகாருக்கான தொடர்பு ஆகியவற்றைக் கேட்கின்றன. பைக்குள் மூன்று கிலோ இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் உண்டு. அந்த மூன்று கிலோவும் என்ன என்று பார்க்க ஆள் இல்லை.

நாய், பூனை உணவுக்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 11968 என்ற தரத்தை வகுத்து, 2019-ல் அதன் புதிய பதிப்பையும் கொண்டுவந்தது. விரும்பியவர் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது நிற்கிறது. சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். அந்த நாயின் உணவைத் தயாரித்து விற்பவர், அதில் என்ன போட்டார் என்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. புகார் கொண்டுபோன எங்கள் உறுப்பினர்களை ஒரு துறை இன்னொரு துறைக்கு அனுப்பியதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, வியப்பு இல்லை. சட்டமே அவர்களை அப்படித்தான் அனுப்பச் சொல்கிறது.

பையின் பின்புறம் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் என்று சில எண்கள் இருக்கும். அவற்றை நம்பித்தான் விலையை ஒப்பிடுகிறோம். புரதம் என்று அச்சாகும் எண் புரதத்தை நேரடியாக அளந்து வந்தது அல்ல. ஜெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அந்த நைட்ரஜன் கோழிக்கறியிலிருந்து வந்ததா, இறகிலிருந்தும் தோலிலிருந்தும் வந்ததா, உணவே அல்லாத ரசாயனத்திலிருந்து வந்ததா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. தெரியாது என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் செய்த வேலையால் 2007-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நாய்களும் பூனைகளும் செத்தன.

அந்த ஆண்டு மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் சுமார் ஆறு கோடி டப்பாக்களையும் பைகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பல பிராண்டுகளுக்கு ஒரே இடத்தில் தயாரித்துக் கொடுத்த நிறுவனம் அது. மலிவான பெயரில் வாங்கியவரும் உயர்ந்த பெயரில் வாங்கியவரும் ஒரே ஆலையின் சரக்கைத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. தட்டுகளும் பலகைகளும் செய்யப் பயன்படும் அந்தப் பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் கூடிக் காட்டியது. சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து அது சிறுநீரகத்தில் படிகமாக அடைத்துக்கொண்டது. 2004-ல் ஆசியாவில் நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது பூஞ்சை நச்சுதான் காரணம் என்று கருதியிருந்தார்கள். 2007-க்குப் பிறகு அந்தப் பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது அவற்றிலும் மெலமைனும் சயனூரிக் அமிலமும் இருந்தன. 2008-ல் சீனக் குழந்தைகளின் பால்மாவில் வெளிப்பட்டதும் இதே தந்திரம்தான். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன; ஆறு குழந்தைகள் இறந்தன. 'இது நாய் விஷயம்தானே' என்று கோப்பை ஓரம் வைக்க நினைக்கும் அலுவலர் எவரேனும் இருந்தால், அவர் பார்வைக்கு இந்த வரிசையை வைக்கும்படி வேண்டுகிறோம்.

மனிதருக்கு நேரடியாக வந்த ஆபத்தும் உண்டு. 2012-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் உலர் நாய் உணவிலிருந்து பரவிய சால்மோனெல்லா கிருமியால் 49 பேர் நோயுற்றனர். தீனியை அள்ளிப் போடுவதும், சிந்தியதை எடுத்து வாயில் வைப்பதும் வீட்டுக் குழந்தைகள்தாமே.

பொய் அச்சு எப்படி வெளியே வருகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் தருகிறோம். தன் உணவில் கோழியின் கழுத்து, கால், குடல் போன்ற உபபொருள்களின் தூள் கிடையாது என்று விளம்பரம் செய்துவந்தது ப்ளூ பஃபலோ என்ற அமெரிக்க நிறுவனம். 2014-ல் போட்டி நிறுவனமான பியூரினா வழக்குப் போட்டது. மூலப்பொருள் அனுப்பியவரின் சரக்கில் அந்தத் தூள் இருந்ததை ப்ளூ பஃபலோவே பிறகு ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை 3.2 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொண்டது. குடலும் காலும் நாய்க்கு ஆகாத உணவு என்று நாங்கள் சொல்லவில்லை. நாய் அதை விரும்பித்தான் தின்னும். இல்லை என்று சொல்லி விற்றதுதான் குற்றம். அதைக் கண்டுபிடித்தது போட்டியாளரே தவிர அரசு அல்ல. அதே ஆண்டு கலிபோர்னியாவின் சாப்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், டி.என்.ஏ. முறையில் சோதித்த 52 பொருட்களில் 20-ல் அச்சிட்ட இறைச்சியும் உள்ளே இருந்த இறைச்சியும் பொருந்தாமல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. விதிகள் இருக்கும் நாட்டு நிலை இது. எங்கள் கடைகளில் உள்ள பைகளை அப்படிச் சோதித்துப் பார்த்து, முடிவை மக்கள் முன் வைக்கும் பொறுப்பு இங்கே எந்தத் துறைக்கும் இல்லை.

எந்த இறைச்சி என்பது வெறும் ஆர்வத்துக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. ஓயாமல் சொறியும் நாய்க்கு உணவு ஒவ்வாமை இருக்கிறதா என்று அறிய, அது இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார் கால்நடை மருத்துவர். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. முன்பக்கம் ஆட்டுப் படம் போட்டு, பின்பக்கம் 'இறைச்சியும் அதன் உபபொருள்களும்' என்று மட்டும் அச்சிட்ட பையை நம்பி எட்டு வாரம் காத்திருந்தால், நாய் சொறிந்துகொண்டேதான் இருக்கும். மருத்துவர் மீது பழி விழும். பூனைக்கு டாரின் என்ற சத்து குறைந்தால் இதயம் பலவீனமாகி வீங்கும் என்பது 1987-லேயே நிறுவப்பட்டது. 'முழுமையான உணவு' என்று விற்கும் பையில் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? குறிப்பிட்ட சில இறைச்சிகளை வாசலுக்குள் விடாத வீடுகளும் உண்டு. அவர்களுக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது.

சில்லறை விற்பனை தனிக் கவலை. இருபது கிலோ மூட்டையைப் பிரித்து வைத்து, கிலோ கணக்கில் அள்ளி, பெயரில்லாத பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவது ஊரெங்கும் வழக்கம். முழுப் பை வாங்க வசதி இல்லாதவர்களும் தெருநாய்களுக்கு உணவிடுபவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். நாங்கள் அதைத் தடை செய்யச் சொல்லவில்லை. அந்தக் கவரில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து கிடக்கும் மக்காச்சோளத் தீனியில் பூஞ்சை பிடிக்க நாளாகாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு மிகுந்த நாய் உணவு பிடிபட்டது; அதைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் பின்னர் பதிவானது. அங்கே தொகுதி எண்ணைச் சொல்லிச் சரக்கைத் திரும்பப் பெற முடிந்தது. பெயரில்லாத கவரை யார் திரும்பப் பெறுவது?

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்.

முதலாவது, ஐ.எஸ். 11968 தரத்தைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பிக்கும்படி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுத வேண்டும். அமைவனச் சட்டத்தின் பிரிவு 16, பொது நலன், முறையற்ற வணிகத்தைத் தடுத்தல் ஆகியவற்றோடு விலங்குகளின் உடல்நலப் பாதுகாப்பையும் அதற்கான காரணமாகப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொள்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, பையில் என்ன அச்சாக வேண்டும் என்பது. எல்லாச் சேர்மானங்களும் எடை வரிசையில், கூடியது முதலில், வர வேண்டும். இறைச்சி என்றால் எந்தப் பிராணியின் இறைச்சி என்று எழுத வேண்டும். முன்பக்கம் கோழியின் பெயரோ படமோ இருந்தால் கோழி எத்தனை சதவீதம் என்று அங்கேயே அச்சிட வேண்டும். அமெரிக்காவில் பெயரில் 'கோழி' என்று மட்டும் போட, தயாரிப்பில் சேர்க்கும் தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். 'கோழி சேர்த்தது' என்று போட 3 சதவீதம் போதும். 'கோழிச் சுவை' என்றால் இத்தனை சதவீதம் என்ற கட்டாயமே இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் நம் கடையில் மூன்றையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறார்கள். மக்காச்சோளத்தை மாவு, தவிடு, புரதம் என மூன்றாகப் பிரித்து எழுதி, கோழியை முதலிடத்தில் நிறுத்தும் தந்திரத்துக்கு இடம் தரக் கூடாது. பதப்படுத்தும் ரசாயனங்கள், மூலப்பொருளோடு கலந்து வந்தவை உட்பட, பெயரோடு இருக்க வேண்டும். அப்படி மீன்தூளில் சேர்க்கப்படும் எத்தாக்சிக்வின் என்ற ரசாயனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அனுமதியை நிறுத்திவைத்தது. புரத அளவை ஈரம் நீக்கிய கணக்கிலும் தர வேண்டும். 78 சதவீதம் ஈரமுள்ள டப்பா உணவில் 10 சதவீதப் புரதம் என்றால் ஈரம் நீக்கிப் பார்க்க அது 45 சதவீதம். 10 சதவீதம் ஈரமுள்ள உலர் தீனியில் 24 சதவீதம் என்றால் அது 27 சதவீதம்கூட இல்லை. வாங்குபவருக்கோ 24 தான் பெரிதாகத் தெரியும்.

இப்போதைய விதிகள்படி இந்தி அல்லது ஆங்கிலத்தில் அச்சிட்டால் போதும். கூடுதலாக வேறு மொழி சேர்க்கத் தடையில்லை. தமிழ்நாட்டில் விற்கும் பைகளில் சேர்மானப் பட்டியலும் உணவிடும் அளவும் தமிழிலும் வர வேண்டும். இணையத்தில் விற்பவர்கள் அந்தப் பட்டியலைப் பணம் கட்டும் முன்பே படிக்கும்படி காட்ட வேண்டும்.

மூன்றாவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 16-ன்கீழ் மாவட்ட ஆட்சித் தலைவர் விசாரணை நடத்தி, அறிக்கையை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த மனுவையே பிரிவு 17-ன்கீழான புகாராக ஏற்கலாம். பொய் விளம்பரத்துக்கு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

நான்காவது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இயங்கி வருகிறது. நாய், பூனை உணவு மாதிரிகளைப் பொதுமக்கள் அங்கே குறைந்த கட்டணத்தில் சோதிக்க வழி செய்ய வேண்டும். இறைச்சி இனத்தை அறியும் டி.என்.ஏ. சோதனையும் அதில் அடங்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டால் ஆய்வகக் கட்டணத்தைப் புகார்தாரரே முன்கூட்டிக் கட்ட நேரிடுகிறது. நானூறு ரூபாய்ப் பைக்காக ஆயிரக்கணக்கில் கட்ட யார் வருவார்கள்?

ஐந்தாவது, சில்லறையாக அள்ளி விற்கும் கடைகள் மூட்டையின் பெயர், தொகுதி எண், தேதி ஆகியவற்றைக் கவர் மீது எழுதித் தர வேண்டும். ஒரு சீட்டும் பேனாவும் போதும்.

ஆறாவது, அரசு கால்நடை மருத்துவமனைகளில் உணவால் வந்ததாகச் சந்தேகிக்கும் நோய்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும்.

வீட்டு அடுப்பில் தொடங்கி இத்தொழிலில் இறங்கியிருக்கும் சிறு தயாரிப்பாளர்கள் பலர் நம் மாநிலத்தில் உள்ளனர். அவர்களை முடக்குவது எங்கள் நோக்கம் அல்ல. புதிய அச்சுக்கு மாற அவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தருவதில் எங்களுக்கு மறுப்பில்லை. பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை தேவையில்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பும் பையில் சதவீதம் போடத் தெரிந்தவர்களுக்கு இங்கேயும் போடத் தெரியும்.

இவற்றில் எது மாநில அதிகாரத்துக்குள் வருகிறது, எது மத்திய அரசுக்குப் போக வேண்டும் என்று பிரித்து, முப்பது நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும், நான்கு துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து எங்களையும் அழைத்துப் பேசவும் வேண்டுகிறோம். பிரிவு 16 விசாரணைக்குப் புகார் ஒன்றே போதும். அதை மட்டுமாவது இந்த மனு கிடைத்த வாரத்திலேயே தொடங்கும்படி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்