நம்ம ஊர் நட்சத்திரம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வேளையில் சிதம்பரத்தில் மார்கழி உற்சவத்துக்குக் கொடி ஏறியிருக்கும். தேர், மறுநாள் ஆருத்ரா தரிசனம், வீட்டு அடுப்பில் களி என்று கடலூர் மாவட்டமே ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் திருவாதிரையை வானத்தில் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் விரல் நீட்டுவோம்? அந்தக் கேள்விதான் இந்த மாதப் பக்கத்தை எழுத வைத்தது.

தேடுவது சுலபம். இரவு எட்டு மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் மூன்று நட்சத்திரங்கள் மேலும் கீழுமாக நிற்கும். அவற்றுக்கு இடப்பக்கம், சற்றுத் தள்ளி, சிவந்து தெரிவதுதான் திருவாதிரை. வானியல் நூல்கள் பீட்டல்ஜூஸ் என்று சொல்வது இதைத்தான். மஞ்சக்குப்பம் மைதானத்து விளக்குகளுக்கு நடுவிலும் தெரியும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் இன்னும் நன்றாகத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் நாம் தவித்த அந்த இரவுகள் நினைவிருக்கிறதா? மேகம் விலகியதும் ஊருக்கு மேலே அவ்வளவு நட்சத்திரங்கள். அந்தத் துன்பத்தில் அண்ணாந்து பார்க்க யாருக்கு மனம் இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் வெப்பம் குறைவு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறக்குறைய 3,200 டிகிரிதான். நட்சத்திரக் கணக்கில் இது ஆறிப்போன சூடு. அதனால் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து மூலக்கூறுகளாகவே அங்கே இருக்க முடிகிறது. நீராவி இருக்கிறது, டைட்டானியம் ஆக்சைடு இருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் சேர்வதும் அதே டைட்டானியம்தான். உருவத்தைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கையும் விழுங்கிவிடும்.

உள்ளே நடப்பது அதைவிடப் பெரிய வேலை. ஹைட்ரஜன் சேர்ந்து ஹீலியம் ஆகும் கட்டம் அதன் மையத்தில் முடிந்துவிட்டது. இப்போது ஹீலியம் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாறிக்கொண்டிருக்கிறது என்பது பெரும்பாலான வானியலாளர்களின் கணிப்பு. அடுத்து நியான், மெக்னீசியம், சிலிக்கன் என்று போய்க் கடைசியில் இரும்பு வரும். இரும்போடு கதை நின்றுவிடும். இரும்பைச் சேர்த்து ஆற்றல் எடுக்க முடியாது. தாங்கும் ஆற்றல் தீர்ந்ததும் மையம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சரியும். மேலே உள்ளதெல்லாம் வெடித்துச் சிதறும். நாம் இப்போது இழுக்கிற மூச்சில் உள்ள ஆக்சிஜனில் பெரும்பங்கு, நம் சூரியன் பிறப்பதற்கு முன்னால் இப்படிச் சிதறிய பெரிய நட்சத்திரங்கள் ஆக்கி வைத்ததுதான்.

2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில், வழக்கமான ஒளியில் பாதிகூட இல்லை. வெடிக்கப் போகிறது என்று தொலைக்காட்சிகள் அலறின. ஏப்ரலுக்குள் பழையபடி பிரகாசமாகிவிட்டது. நடந்தது இதுதான்: நட்சத்திரம் ஒரு பெரிய வாயுத் திரளை வெளியே துப்பியிருக்கிறது; அது குளிர்ந்து தூசியாகி, நம் பார்வைக்கு நேரே திரை போட்டுவிட்டது. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த தூசி. நம் கடற்கரை மணலும் அந்த இரண்டால் ஆனதுதான். உண்மையான வெடிப்புக்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

சிதம்பரத்தைச் சொல்லிவிட்டுப் பொன்னம்பலத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? முதலாம் பராந்தகன் கூரைக்குப் பொன் வேய்ந்தான் என்பது சோழ வரலாறு. அந்தப் பொன் எங்கே உண்டானது என்பதற்குப் பதில் கிடைக்கத் தொடங்கியது 2017 ஆகஸ்ட் 17 அன்று. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அதிர்வை அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ கருவிகள் பதிவு செய்தன. மோதலில் கிளம்பிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, இரும்பைவிடக் கனமான தனிமங்கள் அங்கே உருவானது தெரிந்தது. தனியாக அடையாளம் காட்ட முடிந்தது ஸ்ட்ரான்டியத்தை. அதே உலையில் தங்கமும் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. தீபாவளிக்கு நாம் கொளுத்தும் சிவப்பு மத்தாப்பில் இருப்பதும் ஸ்ட்ரான்டியம்தான். சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்கள்!

மத்தாப்பில் வண்ணம் தருவது எதுவோ, எரிகல்லில் வண்ணம் தருவதும் ஏறக்குறைய அதுதான்: ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளிரும். பச்சைக் கீற்று என்றால் மெக்னீசியம், ஆரஞ்சு கலந்த மஞ்சள் என்றால் சோடியம். ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளில், மார்கழி பிறக்கும் முன்பே, மிதுன ராசிப் பக்கமிருந்து எரிகற்கள் பொழியும். விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகம். பெரும்பாலான எரிகல் மழைகளுக்கு வால்நட்சத்திரம் தாய். இதற்குத் தாய் ஃபேத்தான் என்ற குறுங்கோள். அது சூரியனை மிக நெருங்கிப் போய் 700 டிகிரிக்கு மேல் வறுபடுகிறது. அந்த வெக்கையில் சோடியம் ஆவியாகிப் போய்விடுவதால், இந்த எரிகற்கள் பலவற்றில் மஞ்சள் குறைவு. நம் ஊரில் அந்த நாட்களில் வடகிழக்குப் பருவமழை மேகம் வந்து மறைத்துக்கொள்ளும் என்பதுதான் ஒரே வருத்தம்.

எரிந்து தீராமல் தரைக்கு வந்து சேர்ந்த கல்லும் நம் பக்கத்தில் உண்டு. 1886 ஜனவரி 27 அன்று நம்மியந்தல் என்ற ஊரில் சுமார் நாலரை கிலோ எடையுள்ள விண்கல் ஒன்று விழுந்தது. திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள அந்த இடம் அப்போது தென்னார்க்காடு ஜில்லா. ஜில்லாவின் தலைநகர் கடலூர், அலுவல் எல்லாம் நம் மஞ்சக்குப்பத்தில். உலக விண்கல் பட்டியலில் அந்தச் சிற்றூரின் பெயரே கல்லுக்கும் பெயர், வகை ‘எச்5’. இரும்பு மிகுந்த கல் என்று அர்த்தம். எடையில் கால் பங்குக்கு மேல் இரும்பு. வயது சுமார் 456 கோடி ஆண்டு. பூமியில் கிடைக்கும் எந்தப் பாறையும் அவ்வளவு பழையது இல்லை.

இதே எச்5 வகைக் கல் ஒன்று 1998 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மோனஹன்ஸ் ஊரில், கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஊதா நிறத்தில் உப்புப் படிகங்கள். மரக்காணத்து உப்பளத்தில் வாரும் அதே சோடியம் குளோரைடு! அந்தப் படிகங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரும் சிறைப்பட்டிருந்தது. பூமியில் கடல் சேரும் முன்பே எங்கோ ஒரு பாறையில் உப்புநீர் கசிந்து வற்றியிருக்கிறது. பென்னு குறுங்கோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவந்த மண்ணிலும் உப்புகள் இருந்தன. கூடவே அமினோ அமிலங்களும்.

விண்கல் என்று சொல்லி நீங்கள் அனுப்பும் புகைப்படங்களை ஆவலோடுதான் பார்க்கிறோம். உள்ளபடி சொன்னால், பெரும்பாலானவை உலைக் கசடு போலத்தான் தெரிகின்றன. கல்லில் குமிழி ஓட்டைகள் இருந்தால் அநேகமாக விண்கல் இல்லை. மெல்லிய கறுப்புத் தோல், அளவுக்கு மீறிய கனம், காந்தம் ஒட்டுவது, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் விஷயம் இருக்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். 2016இல் நாட்றம்பள்ளியில் ஒருவர் உயிரிழந்தபோது விண்கல் என்றே செய்தி உலகமெங்கும் ஓடியது. தரையில் நடந்த வெடிப்பாகவே தெரிகிறது என்று நாசா சொன்னதைப் பலர் வாசிக்கவே இல்லை.

இந்த மார்கழிக்கு ஒரு வேலை தருகிறேன். திருவாதிரைக்கு மேற்கே, உயரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி இருக்கும். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு எது பிரகாசம் என்று குறித்து வையுங்கள். வழக்கமாகத் திருவாதிரைதான் ஜெயிக்கும். 2020 பிப்ரவரியில் ரோகிணியிடம் தோற்றது. ஒளி மாறும் நட்சத்திரங்களை இன்றும் உலகெங்கும் ஆர்வலர்கள் இப்படித்தான் கண்ணால் ஒப்பிட்டுக் கணக்கெடுக்கிறார்கள். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் தென்வானத்தில் அப்படி ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். தை பிறந்ததும் உங்கள் குறிப்புகளை எங்களுக்கு அனுப்புங்கள். மேகத்தால் பார்க்க முடியாத வாரங்களையும் தவறாமல் எழுதுங்கள்.