துவிச்சக்கர யாத்திரையும் அயலார் அன்பும்

துவிச்சக்கர வண்டியேறி நாடு பல கடந்தோர் வரலாறுகளைப் படிக்குங்கால், அவர்தம் கால்வலிமையையும் நெஞ்சுரத்தையும் வியந்து பாராட்டுதல் நம்மனோர் வழக்கம். அவ்வியப்புத் தகுதியுடையதே. ஆயினும், அவ்வரலாறுகளைச் சற்று ஊன்றி நோக்குவார்க்குப் பிறிதொரு செய்தியும் புலனாகும். கடந்த மைல்களைக் கூறும் பக்கங்களினிடையே, ஓர் ஊரில் ஒருவர் தண்ணீர் தந்தார், மற்றோர் ஊரில் ஒருவர் படுக்க இடமளித்தார் என்னுங் குறிப்புக்கள் இடையறாது வருகின்றன. பெயர் தெரியாத அம்மக்கள் இலரேல் அந்நூல்களும் இல்லை. இதனை நம் கல்லூரி மாணவர் எண்ணிப் பார்த்தல் நலமெனக் கருதி இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

புகைவண்டியிற் செல்வோன் ஊர்களைச் சாளரத்தின் வழியே காண்கின்றான். அவ்வூரார் அவனைக் காண்பதில்லை. மோட்டாரிற் செல்வோன் தனக்கு வேண்டுவனவெல்லாம் உடன்கொண்டு செல்கின்றான். துவிச்சக்கர யாத்திரிகன் நிலையோ வேறு. அவன் சுமக்கக்கூடியது சிறிது. வெயிலும் மழையும் எதிர்காற்றும் அவனை நேரே தாக்குகின்றன. பொழுது சாயுமிடத்தில் விடுதி இருக்குமென்பது உறுதியன்று. எனவே, அவன் பிறர் வாயிலில் நின்று கேட்டாக வேண்டும். மெல்லச் செல்லுதலின் யாவரும் அவனை நிறுத்திப் பேசுதல் கூடும். வியர்த்துக் களைத்து வருதலின் அவன்பால் அச்சங்கொள்வாரும் குறைவு. பிறரது அன்பை வருவிப்பது அவன் வலிமையன்று, அவன் குறையே என்பது எமது கருத்து.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார் 1884ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், முன்சக்கரம் மிகப் பெரிதாகவுள்ள பழைய வண்டியொன்றில் சான்பிரான்சிஸ்கோவினின்றும் புறப்பட்டார். அமெரிக்கா, ஐரோப்பா, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனம் ஆகிய நாடுகளின் வழியே சென்று, 1886ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானிலுள்ள யோக்கோஹாமாவை அடைந்து உலகவலத்தை நிறைவேற்றினார். காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் பயன்பட்ட மழையங்கி ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று என்பனவே அவர்தம் மூட்டை. எஞ்சியவற்றையெல்லாம் வழியிடை மக்களே அளித்தனர் எனலாம். நம் நாட்டில், பம்பாய் நகரத்துப் பார்சி இளைஞர் அறுவர் 1923ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் உலகவலம் புறப்பட்டனர். அவருள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா என்னும் மூவரும் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் கடந்து, 1928ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊர் மீண்டனர். அயர்லாந்து தேயத்து டெர்வ்லா மர்ஃபி என்னும் நங்கை, 1963ஆம் ஆண்டின் கடுங்குளிரில் தனியே ஐரோப்பாவினின்றும் புறப்பட்டுத் தில்லி வந்து சேர்ந்தார். ஆப்கானிய மலையூர்களில் ஏழை மக்கள் தமக்குச் செய்த உபசாரத்தை அவர் தம் நூலில் மிகவும் போற்றியுள்ளார்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழும். எல்லா ஊரும் இனிய ஊரோ? அன்று. பிராங்க் லென்ஸ் என்னும் அமெரிக்க யாத்திரிகர் 1894ஆம் ஆண்டில் துருக்கியின் கீழ்ப்பகுதியில் மறைந்தார்; மீண்டிலர். ஸ்டீவன்ஸும் மர்ஃபியும் துப்பாக்கி தாங்கியே சென்றனர். அயலாரை நம்புதல் ஆபத்தற்றதென்று நாம் கூறவில்லை. ஆயின், ஈராண்டும் நாலாண்டும் நீண்ட யாத்திரைகள் முற்றுப்பெறுதற்குத் துப்பாக்கி காரணமாகாது. அன்றாடம் கிடைத்த உணவும் உறையுளுமே காரணம்.

மற்றோர் ஆட்சேபம் இதனினும் வன்மையுடையது. இவ்வுபசாரம் அன்பினால் நிகழ்ந்ததோ, வேடிக்கை பார்க்கும் விருப்பினால் நிகழ்ந்ததோ? ஸ்டீவன்ஸ் சென்ற துருக்கி ஊர்களில், வண்டியை ஏறி ஓட்டிக் காட்டுமாறு கூட்டத்தார் அவரை ஓயாது வற்புறுத்தினர். புதுமையான பொறியுடன் வந்த அந்நியனுக்கு விருந்திடுதல் எளிது. வறுமையோடு வருவோனுக்கு இடுதலே அரிது.

கொரோனாத் தொற்றினை முன்னிட்டு 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடெங்கும் போக்குவரவு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில், 15 வயதுச் சிறுமி ஒருத்தி, விபத்தில் அடிபட்ட தன் தந்தையைத் துவிச்சக்கர வண்டியின் பின்னே இருத்தி, தில்லிக்கணித்தான குருகிராமத்தினின்றும் பீகாரிலுள்ள தர்பங்கா வரை, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் மிதித்துச் சென்றாள். அவளும் நெடுந்தூரத் துவிச்சக்கர யாத்திரிகையே. ஆனால் அவள் உலகங்காணப் புறப்பட்டவளல்லள். வீடு சேரப் புறப்பட்டவள். அந்நாட்களில் நெடுஞ்சாலையோரத்தில் சோறும் நீரும் வைத்துக் காத்திருந்தோர் பலர். நோயச்சத்தால் ஊரெல்லையில் முள்ளிட்டு வழியடைத்தோரும் பலர். ஒரு நாட்டின் விருந்தோம்பலை அளக்கவேண்டின், உலகவலம் வருவோனுக்கு அந்நாடு செய்த சிறப்பை வினவலாகாது. இச்சிறுமி போன்றார்க்குச் செய்ததையே வினவல் வேண்டும்.

விருந்து என்னுஞ் சொல்லிற்கு நம் பழைய மொழியிற் புதுமை என்பதே பொருள். ஆதலின் விருந்தினர் என்போர் உற்றாரும் நண்பருமல்லர், முன்னறியாத புதியோரே. இந்நாளில் நாம் உறவினரையும் மேலதிகாரிகளையும் அழைத்து உண்பித்து, அதனை விருந்தென வழங்குகின்றோம். துவிச்சக்கர யாத்திரிகர்க்கு ஒருவர்க்கொருவர் தம் இல்லத்தில் இடமளிக்கும் வார்ம்ஷவர்ஸ் என்னும் அமைப்பு 1993ஆம் ஆண்டு தோன்றியது. அது நன்முயற்சியே. எனினும் அது யாத்திரிகர் தமக்குள் செய்துகொள்ளும் உதவி. வழியிற் செல்வார் யாவர்க்கும் திறந்த கதவு அன்று.

மாணவர்காள்! விடுமுறையில் இருவர் மூவராய்ச் சேர்ந்து வண்டியேறிச் செல்லுங்கள். தண்ணீர் கேட்கவும், வழி கேட்கவும், இரவில் ஒரு திண்ணை கேட்கவும் பழகுங்கள். கேட்டறியாதவன் கொடுக்குமிடத்துப் பெறுவோன் நாணத்தை உணரமாட்டான். நுமக்குச் சோறிட்ட ஊருக்கு நீவிர் மீண்டுஞ் செல்லுதல் அரிது; அக்கடனை அவ்வூராரிடமே தீர்த்தல் இயலாது. நும் தெருவிலும் விடுதி வாயிலிலும் களைத்து வந்து நிற்பான் ஒருவன் வருவான். அவன் வண்டி உலகவலம் வந்த வண்டியாயிராது. பழைய இரும்புச் சாமான்கள் கட்டிய வண்டியாயிருத்தல் கூடும். அவனிடத்தில் அக்கடனைத் தீருங்கள்.