ஊட்டா ஆய்த்தா?

சென்ற மாதம் நம் சங்கச் செயற்குழு கூடியபோது, குடும்ப விழாவுக்கு மதியச் சாப்பாட்டை எங்கிருந்து வரவழைப்பது என்பது பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். ஓசூரிலிருந்து சமையற்காரரை அழைக்கலாம் என்றார் ஒருவர். ஜெயநகரில் தமக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்றார் இன்னொருவர். ஆனேக்கல்லிலேயே வாங்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "இங்கே என்ன சார் கிடைக்கும்?" என்று ஓர் அன்பர் சிரித்தார். அவர் இங்கே குடிவந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மில் பலர் பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் வேலை, சந்தாபுராவிலோ ஆனேக்கல்லிலோ வீடு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே சாப்பிட வேண்டுமென்றால் நமக்குத் தெரிந்தவை இரண்டே திசைகள். ஒன்று, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர். மற்றொன்று, பெங்களூர் நகரம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு, இரண்டாவது திசைக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டது.

நகரத்துக்குப் போவது தவறென்று சொல்ல வரவில்லை. 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆரும், காந்தி பஜாரில் 1943-லிருந்து இருக்கும் வித்யார்த்தி பவனும் பெங்களூரின் பெருமைகள். பிள்ளைகளைக் கட்டாயம் ஒருமுறை அழைத்துப் போங்கள். 1983-ல் ஜெயநகரில் முளைத்த தர்ஷினி என்கிற யோசனையும் நல்ல யோசனைதான். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகலாம், விலையும் குறைவு. இன்று நம் தாலுகாவிலும் அந்த மாதிரிக் கடைகள் இல்லாத தெரு இல்லை. (முழங்கால் வலிக்காரர்கள் எங்கே உட்காருவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. என் அம்மா தர்ஷினியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.) ஆனால் மாதம் நான்கு ஞாயிறும் பெட்ரோல் போட்டு, வரிசையில் நின்று, நான்கு பேருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வர எத்தனை குடும்பத்தால் முடியும்?

எங்களுக்கும் ஒரு காலத்தில் அந்த இரண்டு திசைகள்தாம் தெரியும். மூன்றாவது ஒன்று உண்டென்று காட்டியவள் என் மகள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் கன்னடம் படிக்கிறாள் அல்லவா, ஸ்கூட்டரில் போகும்போது கடைப்பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வருவாள். ஒருநாள் சந்துக்குள் ஒரு தகரப் பலகையைக் காட்டி, "அப்பா, மிலிட்டரி ஹோட்டல்னு போட்டிருக்கு. சிப்பாய்ங்க மட்டும்தான் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அந்த வழியில் நான் ஏழு வருடம் போய்வந்திருக்கிறேன். பலகை முழுதும் கன்னடம். என் கண்ணுக்கு அது வெறும் கோலம்.

மிலிட்டரி ஹோட்டல் என்றால் அசைவச் சாப்பாட்டுக்கடை. நம் சேலம், ஈரோடு பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஒரு ஞாயிறு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். நான்கே மேசைகள். சுவரில் விலைப்பட்டியல், அதில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் இல்லை. கேட்டதும் ராகி முத்தெயும் கறிச்சாறும் வந்தன.

அம்மா தர்மபுரிப் பக்கம். தட்டைப் பார்த்தவுடன், "அட, இது நம்ம களிடா!" என்றார். பிள்ளையாக இருந்தபோது தினமும் தின்றதாம். பிறகு கையில் நான்கு காசு சேர்ந்து அரிசிச் சோறு வந்ததும், களி ஏழைச் சாப்பாடு என்று வீட்டில் நின்றுபோனது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டில் களி கிண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தொடாததை அன்று விரலால் கிள்ளிச் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். பேத்திக்கும் அப்படியே விழுங்கக் கற்றுக்கொடுத்தார். அது தொண்டையில் மாட்டி இருமியது வேறு கதை. கடைக்கார அம்மாள் அடுப்படியிலிருந்து வந்து, "எந்த ஊரு அக்கா?" என்று கேட்டு, அவருக்கு இன்னொரு உருண்டை வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அதன் பிறகு தேடத் தொடங்கினோம். மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் வந்துவிட்டால், தோல் பிதுக்கிய பருப்பில் ஒரு குழம்பு வைக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஹிதுக்கு, நாம் சொல்வது பிதுக்கு. நம் பகரம் அங்கே ஹகரமாகும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கன்னடம் வந்த மாதிரி. பால் ஹாலு, புலி ஹுலி. ஊட்டா என்பதுகூட நம் ஊண், ஊட்டு என்ற சொற்களின் உறவுதான். அகலமான தட்டு இட்லி, தொன்னையில் வரும் பிரியாணி, கீரையும் பருப்பும் வேகவைத்து வடித்த நீரில் செய்யும் பஸ்ஸாரு, இவையெல்லாம் என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் கிடைக்கின்றன. கடைசியாக நான் சாப்பிட்ட முத்தெ ஊட்டத்துக்கு 80 ரூபாய் கொடுத்தேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். அந்த ஊரில் தினமும் வெளியே சாப்பிட்டாக வேண்டியவர்களைக் கேளுங்கள். தாலுகா நீதிமன்றத்துக்கு வரும் குமாஸ்தா, ஆட்டோக்காரர், சந்தைக்கு மூட்டை ஏற்றி வருபவர் ஆகியோர் ருசியில்லாத இடத்துக்கு இரண்டாம் முறை போகமாட்டார்கள்; விலை கூடினாலும் போகமாட்டார்கள். பகல் இரண்டு மணிக்கே "காலி" என்று கைவிரிக்கும் கடையை நம்பலாம். நூறு அயிட்டம் அச்சடித்த அட்டையை நீட்டும் கடை எனக்குச் சந்தேகம்தான். முக்கியமாக, கன்னட எழுத்தைப் படித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் போதும். நல்ல சிறு கடைகளில் பலவற்றுக்கு ஆங்கிலப் பலகை கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் கைகழுவும் இடத்தைப் பார்த்தால் பசி போய்விடும். பெண்கள் தனியாகப் போய் உட்காரத் தயங்கும் கடைகளும் உண்டு. அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொன்று. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் கலவரம் மூண்டதும் அத்திப்பள்ளியில் பேருந்துகள் நின்றதும், மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ஜூஜூவாடி வரை நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 1991-ஐப் பார்த்த பெரியவர்கள் அன்று விளக்கைக்கூடப் போடவில்லை. நாங்களும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இரவு எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பயந்துகொண்டே திறந்தால், அந்த அம்மாளின் மகன் கையில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்கிறான். "ஊட்டா ஆய்த்தா அண்ணா? அம்மா கேட்டாங்க" என்றான். உள்ளே முத்தெயும் உப்புச்சாறும் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை காரில் போய் வரும் ஏ.சி. ஹோட்டலில் நம்மை யாருக்குத் தெரியும்?

இப்போது அந்தச் சந்தில் இரண்டு கடைகள் மூடிவிட்டன. வாடகை ஏறிவிட்டது, மகன்கள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். கைப்பேசியில் உணவு வரவழைக்கும் பழக்கம் வந்த பிறகு நடந்து வருகிறவர்களும் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நானூறு பேர் விழாவுக்கு நாம் கொடுக்கும் பணம் ஓசூருக்குப் போவதைவிட இங்கே நான்கு அடுப்புகளுக்குப் போகட்டும் என்பதுதான் செயற்குழுவுக்கு என் விண்ணப்பம். பொங்கலும் சாம்பாரும் நம் மகளிர் குழுவே செய்துவிடும். முத்தெ, அவரைக் குழம்பு, தட்டு இட்லி மூன்றையும் உள்ளூரில் சொல்லிவிடலாம்.

சிரித்த அன்பரை வருகிற ஞாயிறு அழைத்துப் போவதாக இருக்கிறேன். மற்றவர்களும் வரலாம். பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட வேண்டும். இரண்டு மணிக்கு மேல் போனால் முத்தெ இருக்காது.