கண்ணாடிப் பெட்டிக்குள் கடல்

லண்டன் நகரத்துச் சீமாட்டி ஒருவரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் அன்னா தின். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துப் பாதிரியார்களில் ஒருவர். 1846-ம் வருஷம் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போன இந்த அம்மாள், பாறை இடுக்கிலே உயிருள்ள பவளப் பூச்சிகளைக் கண்டார். அவ்வளவுதான், விட்டுவர மனசில்லை. ஊசி நூலால் அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்து, கல் ஜாடியில் கடல் நீரோடு லண்டனுக்கே கொண்டுவந்துவிட்டார்!

வந்த பிறகல்லவா சங்கடம்! தொட்டியில் விட்ட கடல் நீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டியிருந்தது. லண்டனில் கடலுக்கு எங்கே போவது? பழைய நீரிலேயே காற்றைக் கலந்து பார்க்கலாம் என்று யோசித்தார். ஜன்னலைத் திறந்துவைத்து, தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் அந்த நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஆற்றச் செய்தார். நம் வீட்டில் காப்பி ஆற்றுகிறோமே, அதே மாதிரிதான். ஆற்றியது யார்? சீமாட்டியா? இல்லை, வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது என்று அம்மாள் பிற்பாடு எழுதினார். சிறுமியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

மறு வருஷம் கடற்பாசி முளைத்த கற்களை வரவழைத்துத் தொட்டியில் போட்டார். பாசி பிராணவாயுவைக் கொடுத்தது. சிறுமியின் கைவலியும் குறைந்திருக்கும். பவளம் ஏறக்குறைய மூன்று வருஷம் பிழைத்துக் கிடந்தது.

இன்று அந்தச் சிறுமியின் வேலையை மோட்டார் செய்கிறது. ஆனால் மற்ற வேலைகள்? வீட்டில் கடல் நீர்த் தொட்டி வைக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரர், அல்லது கல்லூரியில் படிக்கும் பிள்ளை. ஆறு மாசம் கழித்து வாளியோடு அதன் முன்னால் நிற்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, சகோதரிகளே, பெட்டி வீட்டுக்குள் வருமுன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் கனம். 60 சென்டிமீட்டர் நீளமும், அகலமும் உயரமும் 40-ம் உள்ள பெட்டி பார்வைக்குச் சின்னதுதான். அதில் 96 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். டிரங்குப் பெட்டி மேலும் தையல் மிஷின் மேஜை மேலும் வைக்கிற சமாசாரமல்ல. இதைவிடச் சின்னதாக வாங்கினால் தொல்லை குறையுமென்று நினைக்காதீர்கள். நீர் குறையக் குறைய, அது கெட்டுப்போகும் வேகம்தான் கூடும்.

அடுத்தது உப்பு. "சமையல் உப்பைப் போட்டால் என்ன?" என்று கேட்பீர்கள். உப்பளத்தில் கடல் நீர் வற்றும்போது, உப்பு உறைவதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடுகிறது. மக்னீஷியமோ மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது கடலின் ஒரு பங்குதான், முழுக் கடலல்ல. பவளத்துக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியமும், 1,300 அளவில் மக்னீஷியமும் வேண்டும். அதனால் இதற்கென்றே விற்கும் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். வடிகட்டிய ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். பாலில் தண்ணீர் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டர் மாதிரி இதற்கும் ஒரு மானி உண்டு, அதில் 1.025 காட்ட வேண்டும். ஊர் ஓரத்துக் கடல் நீரைக் குடத்தில் கொண்டுவருவது வேண்டாம். நம் ஊர்ச் சாக்கடையெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கலக்குவதற்குப் பிளாஸ்டிக் வாளியே நல்லது. செப்புக் குடமும் பித்தளை அண்டாவும் கூடவே கூடாது! செம்பு துளி கரைந்தாலும் பவளத்துக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் விஷம்.

தொட்டி நீர் தினமும் வற்றும். வற்றுவது நீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். கொதித்துச் சுண்டிய ரசம் கரித்தால் என்ன செய்கிறோம்? வெந்நீர்தானே விடுகிறோம், உப்பா போடுகிறோம்? இங்கேயும் வற்றிய அளவுக்கு நல்ல நீரே விட வேண்டும். இதை அறியாமல் உப்பு நீராகவே விட்டுக்கொண்டு வந்து, "மீன் ஏன் செத்தது?" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிற கனவான்கள் இருக்கிறார்கள்.

நீரை நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக்க, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் கொல்லும். மூன்றாவது அவ்வளவு பொல்லாததல்ல. இந்த உயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உறை ஊற்றிய பாலை அசைத்துப் பார்ப்பார்களா? காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இந்தக் கலையில் பாதி. பிறகு வாரம் பத்து லிட்டர் எடுத்துவிட்டுப் புது உப்பு நீர் விட்டுவர வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பவளம் செடியுமல்ல, கல்லுமல்ல, பிராணி. தன் உடம்புக்குள் நுண்ணிய பாசியைக் குடிவைத்து, அது வெளிச்சத்தில் சமைத்துப் போடுவதைச் சாப்பிடுகிறது. நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும், அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அடுப்பங்கரையையே இடித்துவிட்டுப் பட்டினி கிடக்கிற கதை! உடம்பு வெளுத்து, பிறகு மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016-ம் வருஷங்களில் இப்படித்தான் பவளங்கள் வெளுத்தன. வீட்டுத் தொட்டிக்கு 25, 26 டிகிரி நல்லது. சித்திரை, வைகாசியில் நம் கூடத்தில் அது நடக்கிற காரியமா? மேலே மின்விசிறி வைத்தால், மண்பானை குளிர்வதுபோலக் கொஞ்சம் குளிரும். புழுக்கமான கடலோர ஊரில் அதுவும் முழுசாகப் பலிக்காது. குளிர்விக்கும் யந்திரம் வாங்கினால், அதன் விலை ஒரு பக்கம், கரண்டு பில் ஒரு பக்கம்.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். அதே வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 2001-ல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அட்டவணை அது! "நம்ம கடல் சரக்குங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்று கடைக்காரர் காதோடு சொன்னால், பையை மடித்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். வெளிநாடுகளில் முருங்கைப் போத்தை வெட்டி நடுவதுபோலப் பவளத்தையும் துண்டு போட்டு வளர்க்கிறார்கள். அப்படி வந்தது என்றாலும் இறக்குமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். தாள் இல்லையா? பவளமும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், பவளமே இல்லாமல் செயற்கைக் கல் அடுக்கி, ஒரு ஜோடிக் கோமாளி மீனோடு நிறுத்திக்கொள்வேன். பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். நம் தேசத்துக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் அந்த முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கடலிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவந்தோம் என்ற உறுத்தல் இராது. இந்த மீன் குடும்பத்தில் ஒரு வேடிக்கை: பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். அந்த எஜமானி செத்துப்போனால், அவளுடைய கணவரே எஜமானி ஆகிவிடுவார்!

மின்சாரம் நின்றால் பாட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் ஒன்று கையோடு இருக்கட்டும். ஊருக்குப் போவதானால் கண்ணாடியில் நீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, "இதற்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் மட்டும் விடுங்கள்" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லுங்கள். தீனியை நாளுக்கு ஒரு சிட்டிகையாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பாவை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மாமிக்கு இரக்க சுபாவம்.