ஆல்-வீல் டிரைவ் காரில் ஒரு டயர் போனால் நாலையும் மாற்றணுமா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் கிளம்புகிறது. கார் ஆல்-வீல் டிரைவ், 25,000 கி.மீ. ஓடியது. சமயபுரம் தாண்டியதும் ரோட்டோரக் கம்பி ஒன்று டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். திருச்சிக்குத் திரும்பி டயர் கடையில் நிறுத்தினால் வழக்கமாக வரும் யோசனை இதுதான்: "ஒண்ணு மட்டும் போடாதீங்க சார், ஜோடியா ரெண்டு போட்டுடுங்க."

சாதாரணக் காருக்கு அது நல்ல யோசனை. இந்தக் காருக்கு அதுவே வினையாகலாம்.

ஏன்? கணக்கைப் பார்ப்போம். மாருதி கிராண்ட் விட்டாராவில் வரும் 215/60 ஆர்17 அளவு டயரின் விட்டம் சுமார் 69 செ.மீ. புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். அது பாதி தேய்ந்து 4 மி.மீ. ஆனால் சுற்றளவில் 2.5 செ.மீ. குறைகிறது. இதனால் தேய்ந்த டயர், புது டயரைவிட ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். சென்னை போய்ச் சேர்வதற்குள் 1,700 சுற்றுக்கு மேல் வித்தியாசம். டயர் அமுங்கி உருள்வதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையலாம். ஆனால் வித்தியாசம் வழி நெடுக இருந்துகொண்டே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இரு சக்கர இழுவைக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தொடர்பே இல்லை. முன்னால் புதுசு, பின்னால் பழசு என்றாலும் இயந்திரத்துக்குக் கவலையில்லை. ஆல்-வீல் டிரைவில் இரண்டையும் ஒரு தண்டு இணைக்கிறது. கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்றவற்றில் நடுவே கிளட்ச் தட்டுகள் கொண்ட கப்ளிங் இருக்கும். வளைவில் திரும்பும்போது வரும் சிறு வித்தியாசத்தை அது தாங்கும். நேர்ச் சாலையில் மணிக்கணக்காக முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் தட்டுகள் உரசும், ஆயில் சூடாகும், தேய்மானம் கூடும். சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் தப்பாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இதில் பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று. ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் வேகத்தை டிஃபரன்ஷியல் சராசரி ஆக்கித்தான் தண்டுக்குத் தருகிறது. ஒரு புது டயர் போட்டால் முன்-பின் இடைவெளி பாதி. ஜோடியாகப் போட்டால் முழுசு. கடைக்காரர் அக்கறையோடு சொன்ன யோசனைதான் கப்ளிங்குக்குக் கூடுதல் சுமை! அதற்காக ஒன்றே ஒன்று மாற்றுவதும் சரியாகிவிடாது. அப்போது அந்த அச்சின் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

சரி, தார் வச்சிருக்கிறவங்க பயப்படணுமா? அவ்வளவாகத் தேவையில்லை. தார் 4×4, ஜிம்னி ஆகியவை பகுதிநேர வகை. லிவரை 2எச்-சில் வைத்து ஓட்டும்போது அவை சாதாரணக் கார் மாதிரிதான். ஆனால் 4எச்-சில் போட்டுக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் ஓட்டினால், நாலும் புது டயராக இருந்தாலும் கெடுதல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் "கிரிப் கிடைக்கும்" என்று 4எச் போடுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

எவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை? கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த விஷயத்தில் கறாரான சுபாரு, டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்கச் சொல்கிறது. பட்டன் ஆழத்தில் அது 1 மி.மீ.தான். ஆடி சுமார் 3 மி.மீ. வரை விடுகிறது. ஆக, காரோடு வந்த கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். கடையில் ஆழமானி வைத்து மற்ற மூன்று டயரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர்தான் தேய்ந்திருக்கிறது என்றால் அதே பிராண்ட், அதே மாடலில் ஒன்று போதும். பாதி தேய்ந்திருந்தால் நாலு. அமெரிக்காவில் புது டயரைச் சீவி, பழசின் அளவுக்குக் கொண்டுவந்து தரும் கடைகள்கூட உண்டு. நம்மூரில் அதை எதிர்பார்க்க முடியாது.

டயர் பத்தாயிரம் என்றால் நாலுக்கு நாற்பதாயிரம். இந்தச் செலவை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது ஷோரூம். மலையேறும் வீடியோவைக் காட்டி, ஆல்-வீல் டிரைவுக்கென்று தனி விலை வாங்குபவர்கள், டயர் விதியையும் ஒரு தாளில் எழுதித் தருவதில் என்ன கஷ்டம்? காவிரிப் பாலம், தில்லை நகர், வருஷத்துக்கு நாலு முறை சென்னை என்று ஓடும் காருக்கு ஆல்-வீல் டிரைவ் தேவையா என்று வாங்குபவர் யோசிக்கவும் அது உதவும். மழையில் சீக்கிரம் நிற்க அது உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான்.

8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை முன்-பின் மாற்றிப் போட்டால் நாலும் ஒரே சீராகத் தேயும். ஸ்டெப்னி முழு அளவு என்றால் அதையும் சுழற்சியில் சேர்க்கலாம். சிறியது என்றால் பக்கத்துக் கடை வரைக்கும்தான், அதுவும் மெதுவாக. 2025 செப்டம்பர் 22 முதல் டயர் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டதால், பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் ஆல்-வீல் டிரைவ் வாங்குபவர்கள் குனிந்து நாலு டயரின் பக்கச்சுவரையும் படிக்க வேண்டும். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரானது. இரண்டு டயரில் ஒரு வருஷம், மற்ற இரண்டில் வேறு வருஷம் என்றால், விலை பேசும் முன் கப்ளிங்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.